திங்கட்கிழமைக்குள் ஒரு கிர்கிஞ்சோ

தொரிபியோ வியாழக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வந்தபோது, ஒரு பெரியவரைச் சிவப்புத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து அவர் முகவாயை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். சான்றிதழில் ஒட்டுகிற படத்துக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும், தலை சாயக் கூடாது. பதினெட்டு வருஷமாக இதுதான் என் வேலை.

"மச்சான், உசுருள்ளது எதையாவது படம் எடுத்திருக்கீங்களா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அப்ப நான் என்ன பொணமா?" என்றார் பெரியவர்.

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க. நாலு காலு, ஓடு, அதுமேல முடி. அதைப் பத்திச் சொன்னேன்."

"காலு ரெண்டு கொறச்சலா இருந்தா நானும் அதேதான்" என்றார் அவர். தொரிபியோ சிரித்தான். நான் பொத்தானை அழுத்தினேன். படத்தில் அவர் பல் தெரிந்துவிட்டது. திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது.

தொரிபியோ என் மனைவி எல்விராவின் தம்பி. எல்விரா மார்ச் மாதம் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவன் என் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பெரியவர் போனதும் விஷயத்தைச் சொன்னான்.

ஒருரோ நகரத்துக்கு வெளியே கொல்பா பாம்பாவில் அவர்கள் வீடு. பின்னால் மணல்மேடு. மேட்டின் அந்தப் பக்கத்தை மணல் லாரிக்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து காற்று அடித்து அடித்து, அந்தப் பக்கத்தில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களின் ஆட்டுப்பட்டிகள் மணலுக்குள் போய்விட்டன. இப்போது இந்தப் பக்கத்துக்கும் மனு போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் போய் முறையிட்டதற்கு நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவில் ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த மேட்டில் ஆர்மடில்லோ, நாங்கள் சொல்கிற கிர்கிஞ்சோ, ஒன்றாவது உயிரோடு இருக்கிறது என்று தேதி போட்ட படத்தோடு நிரூபித்தால் அனுமதியை நிறுத்திவைப்பார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மதியம் கையெழுத்தாகிவிடும்.

"வெட்டுனாங்கன்னா அடுத்த ஆகஸ்ட்ல மணலு எங்க அடுப்பு மேல உக்காந்துருக்கும். ஆடெல்லாம் வித்துட்டு டவுனுக்கு வந்து நான் என்ன பண்றது? ஒங்க கடையில திரை புடிக்கவா?"

"ம்" என்றேன்.

"லாரி போற பாதை கல்லறைச் செவுத்தை ஒட்டித்தான் வருதாம். அக்கா படுத்திருக்கற பக்கம்."

அதற்கும் "ம்" என்றுதான் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன செய்ய? அப்போதெல்லாம் எனக்கு எதுவும் உறைக்காது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாதே, அந்த மாதிரி ஐந்து மாதமாக இருந்தேன். சாப்பிடுவேன், கடை திறப்பேன், காதைக் காட்டச் சொல்வேன், மூடுவேன். யாராவது அவளைப் பற்றிப் பேசினால் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொள்வேன்.

"சனிக்கிழமை வரேன்" என்றேன். போகாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை, அதனால்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மினிபஸ்ஸிலிருந்து இறங்கினேன். பட்டியில் ஆட்டுப்புழுக்கை மேலெல்லாம் உறைபனி. முந்தின நாள் ஆகஸ்டின் முதல் வெள்ளி. பூமித்தாய்க்குச் சாராயம் ஊற்றி, புகை போட்டு, எல்லாவற்றின் மேலும் வண்ணக் காகிதப் பொட்டு தூவியிருந்தார்கள். கதவில் பொட்டு, தண்ணீர்த் தொட்டியில் பொட்டு. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் காகிதச் சுருள். நாயின் கழுத்திலும் ஒரு சுருள். அது அதைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது.

தொரிபியோவின் மனைவி கசிமிரா வெளியே வந்தாள். அவளும் அவனைப் போலத்தான், வாய் ஓயாதவள். ஆனால் அன்றைக்கு ஏதோ அவசரத்தில் இருந்த மாதிரி இருந்தாள்.

"நேத்தே வருவீங்கன்னு பாத்தோம் அண்ணே. குனிங்க."

குனிந்தேன். பையிலிருந்து ஒரு பிடி எடுத்து என் தலையில் போட்டாள். "ஒங்க பங்கு. வீட்டு ஆளுக்குப் போடாம விட்டா பூமி கோவிச்சுக்கும்."

"அவருக்கு இருக்கற முடிக்கு நாலு பொட்டு போதுமேடி" என்றான் தொரிபியோ.

"ஒங்க தலைக்கு நாலு பொட்டையும் பசை வச்சுத்தான் ஒட்டணும்" என்றாள் அவள்.

மூவரும் மேட்டில் ஏறினோம். கசிமிரா முதுகில் கம்பளித் துணியில் சாப்பாட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் கேமராவும் ஒரு நீள லென்ஸும் இருந்தன. அந்த லென்ஸை வாங்கியது கார்னிவல் ஊர்வலங்களுக்காக. இரண்டு வருஷமாக அதை வெளியே எடுக்கவில்லை.

கிர்கிஞ்சோ கோடையில் இரவில்தான் வெளியே வரும். இந்த ஆகஸ்ட் மாதிரிக் குளிர்காலத்தில் பகலில் வெயிலுக்கு வரும். அதனால் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை நல்ல நேரம் என்று தொரிபியோ சொன்னான். தடம் எப்படி இருக்கும் என்று மணலில் விரலால் வரைந்து காட்டினான். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நகக்குழி, நடுவில் வால் இழுத்த கோடு. நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நாயின் தடம் இருந்தது, ஆட்டின் தடம் இருந்தது. லாரிக்காரர்கள் அளவெடுக்க வந்த பூட்ஸின் தடம் இருந்தது.

"நான் சின்னதா இருந்தப்ப ஒரே நாள்ல ஏழு பாத்தேன் மச்சான். ஏழு!"

"கடைசியா எப்ப பாத்தே?"

"போன வருஷம்." கொஞ்ச தூரம் நடந்தான். "இல்ல, அதுக்கு முந்தின வருஷம்."

கசிமிரா பின்னாலிருந்து, "அதுக்கும் முந்தின வருஷம். அதுவும் நீங்க பாக்கல, ஒங்க தோஸ்து பாத்தாரு. அவரு குடிச்சிருந்தாரு" என்றாள்.

"குடிச்சவன் கண்ணுக்கு ரெண்டாத்தானே தெரியணும்? ஒண்ணுதான் பாத்தேன்னான். அப்ப நெசம்தானே?"

வளை நான்கு கண்டுபிடித்தோம். முதல் வளையின் வாயில் சிலந்தி வலை. இரண்டாவதில் காற்று கொண்டுவந்த பிளாஸ்டிக் பை. மூன்றாவது பாதி மூடியிருந்தது. தொரிபியோ மணலில் படுத்து நான்காவதில் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினான். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் நகம் அகலத்துக்கு ஒரு ஓட்டுத் துண்டு இருந்தது. வெளுத்து, முனை உதிர்ந்து. அதை என்னிடம் காட்டவில்லை. திரும்பி நின்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நான் பார்த்ததைப் பார்த்தவன், "பழசு" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். காய்ந்த லாமா இறைச்சி, அவித்த முட்டை, பனியில் காயவைத்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு பாலாடைக்கட்டி. கசிமிரா முதலில் மணலுக்கு ஒரு வாய் வைத்தாள். மேலிருந்து பார்த்தால் ஊரின் தகரக்கூரைகளும் அதைத் தாண்டி கல்லறையின் வெள்ளைச் சுவரும் தெரிந்தன.

"மதினி இருக்கற எடம் தெரியுது பாருங்க அண்ணே. அந்த மூலை."

பார்த்தேன். வெள்ளைச் சுவர், ஒரு மூலை. முட்டையில் உப்புக் குறைவாக இருந்தது. உப்புக் கேட்டேன். அவள் கொடுத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அடுப்புக்குச் சாணி வறட்டி பொறுக்கி வருவதாகச் சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"காலி மூட்டையை எதுக்குடி சொமக்கறே? இங்கயே வையி."

"வறட்டியை ஒங்க தொப்பியிலயா கொண்டாறது?" என்று சொல்லிவிட்டு பக்கத்து முகட்டைத் தாண்டி இறங்கிப் போனாள்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தொரிபியோ கோகா இலை மென்றான். அக்காவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, ஆட்டுச் சொறிக்கு என்ன மருந்து நல்லது என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

அரை மணி இருக்கும். முகட்டுக்கு அப்பாலிருந்து கசிமிரா கத்தினாள்.

"வாங்க! வாங்க! சத்தம் போடாம வாங்க!"

சத்தம் போடாதே என்பதை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். ஓடினோம். கடல்மட்டத்திலிருந்து அவ்வளவு உயரத்தில், மணலில், ஐம்பது வயதில் ஓடுவது ஓட்டமில்லை. முகட்டை அடைந்தபோது எனக்கு மூச்சு அறுந்துபோயிருந்தது. அவள் கீழே சரிவில் கையை நீட்டியபடி நின்றிருந்தாள்.

அது நின்றுகொண்டிருந்தது. இரண்டு சாண் நீளம்கூட இல்லை. பழுப்பு ஓடு, ஓட்டின் பட்டைகளுக்கு இடையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெளிறிய முடி, மேல்நோக்கிய இரண்டு காதுகள். மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மாதிரி இரண்டடி நடந்தது, நின்றது, மறுபடி மோந்தது.

தொரிபியோ என் கையைப் பிடித்தான். நகம் பதிகிற அளவுக்கு. "பாத்தீங்களா? சொன்னேன்ல? சொன்னேன்ல மச்சான்?"

காற்று எங்களை நோக்கி வீசியது. நான் படுத்து, முழங்கையால் நகர்ந்து, ஐந்து மீட்டரில் நிறுத்திக்கொண்டு முதல் படத்தை எடுத்தேன். பக்கவாட்டில், பின்னால் மேட்டின் விளிம்பும் அதற்குக் கீழே ஊரின் கூரைகளும் விழுகிற மாதிரி. நல்ல படம், எடுத்தபோதே தெரிந்தது. பிறகு அது என் பக்கமே வந்தது. அதற்குக் கண்பார்வை குறைவு. லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து மூக்கை ஆட்டியது. இரண்டு காதும் தெரிந்தது, தலை சாயாமல் நேராகப் பார்த்தது. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இவ்வளவு ஒழுங்காக உட்காருவதில்லை. ஆனால் அவ்வளவு பக்கத்தில் அந்த லென்ஸ் பிடிக்காது. எல்லாம் மங்கலாகத்தான் விழுந்தன. பதினாலு படம் எடுத்தேன். பிறகு அது முன்னங்காலால் மணலைத் தோண்டியது. பத்து எண்ணுவதற்குள் முதுகு மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

தொரிபியோ தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். கசிமிராவைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே ஒன்றுமில்லை. படம் சரியாக விழுந்ததா என்று பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் இருந்தது.

"நான் போயி பாட்டிலை எடுத்தாறேன். இந்த மணலுக்கு ஊத்தாம ஒரு அடி நகரக் கூடாது!" என்று ஊரைப் பார்த்து ஓடினான். வழியில் ஒரு தடவை விழுந்து எழுந்து ஓடினான்.

நான் மணலில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். சான்றிதழ்ப் படத்தை எடுத்ததும் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். தோளில் பொடுகு இருந்தாலோ காலரில் நூல் இருந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் முதல் படத்தைப் பெரிதாக்கினேன். மூக்கிலிருந்து ஆரம்பித்து, காது, கழுத்து, ஓட்டின் முதல் பட்டை, இரண்டாவது பட்டை.

மூன்றாவது பட்டைக்கும் நான்காவதுக்கும் நடுவில், முடிக்குள், வட்டமாக ஒரு ரோஸ் நிறக் காகிதப் பொட்டு. அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு பச்சை.

என் தலையிலிருந்து பறந்து விழுந்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஐந்து மீட்டர் தூரம், காற்றும் எதிர்ப்பக்கம். நிமிர்ந்து கசிமிராவைப் பார்த்தேன். அவள் வறட்டி எதுவும் பொறுக்கியிருக்கவில்லை. கம்பளித் துணியை நாலாக மடித்து நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

கேமராவை அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, தொடைச்சேனே! துணியால நல்லாத் தொடைச்சேனே அண்ணே!"

"எங்க வாங்குனே?"

"சந்தையில. மூலிகைக்காரிங்க வரிசைக்குப் பின்னால ஒருத்தி இருக்கா. காயவச்சது தொங்கவிட்டுருப்பா, கேட்டா உசுரோடயும் எடுத்துக் குடுப்பா. சாக்குக்குள்ள அழுதுட்டிருந்துச்சு. கொழந்தை மாதிரியே அழுவுது. மூணு நாளா தகர டின்னுல மணலைப் போட்டு அடுப்புக்குப் பின்னால வச்சிருந்தேன். இவருக்குத் தெரியாது. இவருகிட்டச் சொன்னா மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்."

"சரி. பொட்டு எதுக்குப் போட்டே?"

அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அண்ணே. ஆட்டுக்குப் போட்டேன், நாய்க்குப் போட்டேன், அந்த ஓட்டை மோட்டார் சைக்கிளுக்குக்கூடப் போட்டேன். எங்கூட்டுல மூச்சு விட்டுட்டு உக்காந்துருக்கற ஜீவனுக்குப் போடாம விட்டா அது என்ன நெனைக்கும்?"

அதற்கு எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் பதில் இருக்காது.

"மொகத்துல இருக்கற மருவையெல்லாம் எடுத்துருவீங்கல்ல? கம்ப்யூட்டர்ல? இதையும் எடுத்துருங்க அண்ணே. ரெண்டு பொட்டுதானே. திங்கக்கெழம குடுத்துருவோம். ஒங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

எடுத்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை. கல்லறையில் எல்விராவின் பலகையில் இருக்கிற படத்தையும் நான்தான் சரிசெய்தேன். கடைசியாக எடுத்தது அது, ஆஸ்பத்திரியில். மூக்கிலிருந்த குழாயை எடுத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை எடுத்தேன், கன்னத்தை நிரப்பினேன், உதட்டுக்கு நிறம் கொடுத்தேன். இரண்டு ராத்திரி வேலை பார்த்தேன். எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். அதற்கப்புறம் அந்தப் பலகைக்கு முன்னால் நான் எத்தனை தடவை போய் நின்றாலும் அங்கே இருப்பது யாரோ ஒரு பெண். சான்றிதழுக்குப் படம் எடுக்க வந்து, கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருத்தி.

இதையெல்லாம் கசிமிராவிடம் சொல்லவில்லை. "எடுக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"எடுக்க மாட்டேன் தங்கச்சி. கேக்காதே."

"அப்ப எங்க ஆடு மண்ணுக்குள்ள போவட்டும்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

அதற்குள் தொரிபியோ பாட்டிலோடு மேலே வந்துவிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே மணலுக்கு ஊற்றினான், எனக்கு ஊற்றினான். "காட்டுங்க மச்சான், காட்டுங்க" என்று கேமராவை வாங்கிக்கொண்டான். பெரிதாக்கியபடியே இருந்ததால் அவனுக்கு முதலில் தெரிந்தது அந்த ரோஸ் பொட்டுதான். கொஞ்ச நேரம் பார்த்தான். மனைவியின் தலையிலிருந்த பொட்டுகளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த மடித்த துணியைப் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான்."

"வெலைக்கு வாங்குனியா? அதை வாங்குனா ஜெயிலுன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்குனே? கழுதை! என்னை அங்க ஆடவச்சே! தொப்பியைத் தூக்கிப் போட்டேன்! மச்சானைக் கட்டிப்புடிச்சு அழுதேன்!"

"நானா அழச் சொன்னேன்?"

"நீதான்டி கத்துனே, வாங்க வாங்கன்னு!"

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? தெனம் சாயங்காலம் இங்க வந்து மண்ணைத் தோண்டிட்டு, ஒண்ணும் இல்லாம வந்து, ஒண்ணும் பேசாம படுத்துக்கறீங்க. நான் பாத்துட்டே இருக்கணுமா?"

தொரிபியோ உட்கார்ந்துவிட்டான். வெயில் இறங்கி, காற்று முகத்தை அறுக்க ஆரம்பித்தது. கடைசியில் என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"இந்த மேட்டுல ஒண்ணும் இல்ல மச்சான். ரெண்டு வருஷமாத் தெரியும் எனக்கு."

"அப்பறம் ஏன் என்னை வரச் சொன்னே?"

"இருந்துட்டா?" என்றான். "ஒரு வேளை இருந்துட்டா?"

கசிமிரா அவன் பக்கத்தில் உட்காரப் போனாள். அவன் நகர்ந்துகொண்டான். அவள் அங்கேயே நின்றாள்.

"இப்ப ஒண்ணு இருக்குல்ல" என்றாள் மெதுவாக. "நேத்து இல்ல. இன்னைக்கு இருக்கு. அதோ அந்த மண்ணுக்குள்ள. நானா தோண்டி உள்ள விட்டேன்? அதுவேதானே தோண்டிட்டுப் போச்சு?"

இருட்டுவதற்குள் இறங்கினோம். நான் தொரிபியோவிடம் சொன்னேன்: "பொட்டை எடுக்க மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். கண்ணால பாத்ததை மட்டும் சொல்றேன். படம் வேணுமா வேணாமான்னு நீ முடிவு பண்ணு."

மினிபஸ் வருகிறவரை அவன் கூடவே நின்றான். நான் ஏறிய பிறகு, ஜன்னல் வழியாக, "பிரிண்ட் போடுங்க" என்றான்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மூவரும் அலுவலகத்தில் இருந்தோம். தொரிபியோ சனிக்கிழமையிலிருந்து மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நடுவில் ஒரு நாற்காலி காலி. அதிகாரி ஒரு இளம்பெண், பெயர் தானியா. பிரிண்டைப் பார்த்தாள். அச்சில் பொட்டு தெரியவில்லை. அந்த அளவில் தெரியாது. எனக்கு அது தெரிந்திருந்தது. இவ்வளவோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"ஒரிஜினல் இருக்கா? தேதி பாக்கணும்."

மெமரி கார்டைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டாள். தேதியைக் குறித்துக்கொண்டாள். பிறகு பெரிதாக்கினாள். என்னைப் போலவே மூக்கிலிருந்து ஆரம்பித்தாள்.

"இது என்ன, ரோஸ் கலர்ல?"

தொரிபியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் போட்டது மேடம்" என்றாள் கசிமிரா.

"நீங்களா? காட்டு மிருகத்துக்கா?"

"மொத வெள்ளி மேடம். ஆட்டுக்கு, நாய்க்கு, வண்டிக்கு, எங்க அண்ணனுக்குன்னு எல்லாருக்கும் போட்டேன். இதை மட்டும் எப்படி விடறது? இதுவும் எங்க மண்ணுலதானே இருக்கு?"

"அது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது மேடம். நீங்க அசையாம நின்னீங்கன்னா ஒங்க செருப்பையே மோந்து பாத்துட்டுப் போவும்."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அந்தப் பெண் கசிமிராவைப் பார்த்தாள். அவளுடைய கம்ப்யூட்டரின் தலையிலும் வெள்ளிக்கிழமைச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்து, நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே எடுத்தீங்க? கொல்பா பாம்பா மேட்டுலயா?"

"ஆமா."

"உசுரோட பாத்தீங்க?"

"உசுரோட பாத்தேன். மணல்ல நடந்துச்சு, மோந்து பாத்துச்சு, தோண்டிட்டு உள்ள போச்சு."

"வேற எதாவது சொல்லணுமா?"

சொல்ல இருந்தது. சொன்னால் கசிமிராவைப் பிடிப்பார்கள், மதியம் லாரிக்காரர்களின் தாளில் கையெழுத்து விழும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன் என்றுதான் சொல்லியிருந்தேன். காதால் கேட்டதை விட்டுவிட்டேன். அது பொய்யில் சேர்த்தியா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"இல்ல" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு எழுதினாள். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

"ஆறு மாசத்துக்கு நிறுத்தி வைக்கிறோம். அதுக்குள்ள ஆள் அனுப்பி எத்தனை இருக்குன்னு எண்ணுவோம். இருந்தா மேடு உங்களுக்கு. இல்லைன்னா" என்று தோளைக் குலுக்கினாள். "ஆறு மாசம்."

வெளியே வந்தோம். தெருவில் வெயில் இருந்தது. தொரிபியோ முன்னால் நடந்தான். கசிமிரா அவனுக்கு இரண்டடி பின்னால். நான் அவளுக்குப் பின்னால்.

"ஆறு மாசம் இருக்கு" என்றாள் கசிமிரா, பொதுவாகத் தெருவைப் பார்த்து. "சந்தையில அவகிட்ட சாக்குல இன்னொண்ணு இருந்துச்சு."

தொரிபியோ நின்றான். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவளிடம் பேசினான்.

"நீ மறுபடி அந்தச் சந்தைப் பக்கம் கால வச்சே, ஒன்னைய நானே புடிச்சுக் குடுத்துருவேன்!"

"பின்ன எப்படிய்யா? ஒத்தையா விட்டா அது எத்தனை நாளைக்கு இருக்கும்? ஒத்தையா அது அந்த மண்ணுக்குள்ள என்ன செய்யும்?"

"அதுக்கு என்ன, வாழறதுக்கு ஒன்னை மாதிரி வாயாடி ஒண்ணு வேணுமா?"

"ஒங்களுக்கு வேண்டியிருக்குல்ல?"

அவன் பதிலுக்கு வாயைத் திறந்தவன், என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். கசிமிராவும் திரும்பி என்னைப் பார்த்தாள். இருவர் முகமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. "அண்ணே, நான் உங்களை நெனச்சுச் சொல்லல" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"ஒத்தையா" என்று அவள் சொன்ன வார்த்தை என் மேல் பட்டிருந்தது. வலிக்கவில்லை. ஆனால் பட்ட இடம் இன்னது என்று தெரிந்தது. மார்ச்சிலிருந்து எங்கே எது பட்டது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. தெருவில் நின்றபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கடைக்கு நேரமாச்சுல்ல?" என்றான் தொரிபியோ.

"தெறக்கல இன்னைக்கு" என்றேன். "அந்தச் சந்தைக்காரி இப்ப கடை போட்டிருப்பாளா தங்கச்சி?"